அழியாமல் நின்ற சிறு மூலை: கணினி நிலைபொருளின் கதை

கடந்த மாதம் காங்கேசன்துறைக்குப் போயிருந்தேன். 2023 ஒக்டோபர் 14 ஆம் திகதி நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வரத் தொடங்கிய பிறகு துறைமுகப் பக்கம் ஆள் நடமாட்டம் மெல்லக் கூடியிருக்கிறது. இடையில் நின்றுபோன சேவை 2024 ஓகஸ்ட் 16 இல் 'சிவகங்கை' என்னும் கப்பலோடு மீண்டும் ஆரம்பித்தது. துறைமுகத்துக்குப் போகும் வீதியில் எனது உறவினர் ஒருவர் சிறிய அலுவலகம் ஒன்று வைத்திருக்கிறார். பொருட்கள் அனுப்புவதற்கான பத்திரங்கள், கணக்குகள் எல்லாம் அங்கே ஒரேயொரு மடிக்கணினியில்தான்.

நான் போன நேரம் அந்த மடிக்கணினி செத்துக் கிடந்தது. முதல் நாள் மாலை ஏதோ புதுப்பிப்பு நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று திரையில் அறிவித்தல் வந்ததாம். வேலை செய்யும் பிள்ளை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் மூடியை மூடிவிட்டுப் போய்விட்டாள். பற்றறியிலும் சார்ச் இல்லை. காலையில் திறந்தால் கரிய திரை. ஒரு சிறு விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. விசிறி சுற்றவில்லை. கணக்கெல்லாம் போய்விட்டதென்று உறவினர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பிள்ளை ஒரு மூலையில் அழுதுகொண்டு நின்றாள்.

திருத்துவதற்கு வந்தவரைக் கண்டதும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு ஆண்டுகளின் முன்னர் நான் பணியாற்றிய நாளிதழ் அலுவலகத்துக்குக் கணினி திருத்த வந்துகொண்டிருந்த அதே பெடியன். இப்போது தலை நரைத்திருக்கிறது. அவர் அந்தப் பிள்ளையைப் பார்த்து, "அழாதை பிள்ளை, இது சாகேல்லை. நினைவு தப்பிக் கிடக்குது, அவ்வளவுதான்" என்றார். இதே வார்த்தைகளை அவர் வாயிலிருந்து நான் முன்னரும் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அந்த இரவைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அதற்கு முன்பு இந்த நோயின் வரலாற்றைச் சொன்னால்தான் கதை விளங்கும்.

மின் ஆழியை அழுத்தியதும் கணினியில் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல. தாய்ப்பலகையில் உள்ள சிறியதொரு சில்லில் எழுதப்பட்டிருக்கும் கட்டளைத் தொகுதியே முதலில் விழிக்கிறது. நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா, வன்வட்டு எங்கே என்று அது ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து, பிறகுதான் விண்டோஸைத் தட்டி எழுப்புகிறது. அந்தத் தொகுதியின் பெயர் பயோஸ். 1970களில் சிபி/எம் என்னும் இயங்குதளத்தை ஆக்கிய கேரி கில்டால் வைத்த பெயர் அது. மென்பொருளுமன்றி வன்பொருளுமன்றி இரண்டுக்கும் நடுவே நிற்கும் இத்தகைய கட்டளைகளை ஆங்கிலத்தில் 'ஃபேர்ம்வெயர்' என்பார்கள். 1967 இல் அஷர் ஒப்லர் என்பவர் எழுதிய கட்டுரையொன்றில் அச்சொல் முதலில் தோன்றியது. தமிழில் நிலைபொருள் என்று வழங்குகிறோம். நல்ல பெயர்தான். ஆனால் அது நிலையாக நின்ற காலம் போய்விட்டது. இந்தக் கதையின் தொல்லையெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1981 ஓகஸ்ட் 12 இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது பீசியை வெளியிட்டபோது அதன் பயோஸ் வெறும் 8 கிலோபைட் அளவானது. அது தொழிற்சாலையிலேயே சில்லில் பதிக்கப்பட்டு வந்தது. எவராலும் அழிக்கவோ மாற்றவோ முடியாது. குறை கண்டால் சில்லையே கழற்றி வேறு சில்லுப் பூட்ட வேண்டும். குறையும் வந்தது. முதலில் விற்ற பீசிகளால் வன்வட்டைக் கொண்டு இயங்க முடியவில்லை. 1982 ஒக்டோபர் 27 எனத் திகதியிட்ட பயோஸ்தான் அக்குறையைத் தீர்த்தது. பழைய கணினி வைத்திருந்தவர்கள் புதுச் சில்லு வாங்கிப் பூட்டினார்கள். செலவுதான், ஆயினும் அதில் ஒரு பாதுகாப்பு இருந்தது. புதுச் சில்லு சரிவராவிட்டால் பழையது கையில் இருக்கும். அதை மீண்டும் குத்தினால் கணினி முன்போல எழும்பும்.

இதற்கிடையில் அழித்து எழுதக்கூடிய சில்லுகளும் வந்திருந்தன. இன்ரெல் நிறுவனத்தின் டோவ் ஃபுரோமன் 1971 இல் ஆக்கிய வகைச் சில்லின் முதுகில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் இருக்கும். அதனூடாகப் புறஊதாக் கதிரைப் பல நிமிடங்கள் பாய்ச்சினால் எழுதியதெல்லாம் அழியும். பிறகு தனிக்கருவி ஒன்றில் பூட்டி எழுதலாம். யாழ்ப்பாணத்துப் பழைய திருத்தகங்களில் அந்தச் சாளரத்தின் மேல் கடதாசி ஒட்டிய சில்லுகளை நான் கண்டிருக்கிறேன். வெயில் படாமல் காப்பதற்காக ஒட்டியது அது.

அடுத்த பாய்ச்சல் ஜப்பானில் நிகழ்ந்தது. தொஷிபா நிறுவனப் பொறியியலாளர் ஃபுஜியோ மசுவோகா 1984 இல் 'ஃபிளாஷ்' நினைவகத்தை உலகுக்கு அறிவித்தார். அழிக்கும் வேகம் நிழற்படக் கருவியின் மின்னொளியை நினைவூட்டியதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். இந்தச் சில்லைக் கழற்றத் தேவையில்லை. கணினியே தன் உடலில் இருக்கும் சில்லைத் தானே அழித்துத் தானே எழுதலாம். 1990களில் அலுவலகக் கணினிகளின் பயோஸ் பெரும்பாலும் இந்த வகைச் சில்லுக்கு மாறியது. குறை தீர்க்கும் புதிய பதிப்பை ஒரு புளொப்பியில் கொடுத்தால் போதும் என்றாகிவிட்டது.

வசதி பெரிது; அதற்குள் ஒளிந்திருந்த ஆபத்தும் பெரிது. ஃபிளாஷ் சில்லில் இருக்கும் எழுத்தின் மேல் அப்படியே புதிய எழுத்தை எழுத முடியாது. முதலில் ஒரு பகுதியை முழுவதுமாக அழிக்க வேண்டும். அதன் பிறகே எழுதலாம். பழையது போய்ப் புதியது வராத சில விநாடிகள் இடையில் இருக்கின்றன. அந்த விநாடிகளில் மின்சாரம் நின்றால் கணினிக்கு எழும்பத் தெரியாது. எழும்பத் தெரியாத கணினியால் தன்னைத் திருத்தும் கட்டளையையும் ஓட்ட முடியாது. முன்பு பழைய சில்லு மேசை லாச்சியில் இருந்தது. இப்போது பழையதை அழித்த இடத்திலேயே புதியதை எழுதுகிறோம்.

இதற்குத் தயாரிப்பாளர்கள் கண்ட மருந்து எளியது. சில்லின் 128 அல்லது 256 கிலோபைட்டில் ஒரு சிறு மூலையை, 8 கிலோபைட் அல்லது 16 கிலோபைட்டை, வழமையான புதுப்பிப்பில் தொடாமல் விட்டுவிடுவது. அதற்குத் தொடக்கக் கட்டம் என்று பெயர் சொல்லலாம். அதற்குத் தெரிந்தது கொஞ்சந்தான். மீதிப் பகுதி சிதைந்திருக்கிறதா என்று பார்க்கும். சிதைந்திருந்தால் புளொப்பியைத் தேடும். அதிலிருந்து புதிய பிரதியை எடுத்து எழுதும். அவார்ட் பயோஸ் உள்ள பல பலகைகளில் அது படங்காட்டும் அட்டையைக்கூடச் சரியாக எழுப்பாது. அப்போது வழக்கிலிருந்த ஏ.ஜி.பி. அட்டையில் திரை கறுப்பாகவே இருக்கும். புளொப்பியின் பச்சை விளக்கு எரிவது ஒன்றே உயிர் இருப்பதற்கான அடையாளம்.

அந்தப் பச்சை விளக்கை நான் கண்டது 2003 இல்.

போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஓராண்டு கடந்திருந்தது. ஏ9 வீதி திறந்திருந்ததால் கொழும்பிலிருந்து கணினி உதிரிகள் வந்துகொண்டிருந்தன. எங்கள் அலுவலகத்தில் பக்கம் அமைக்க ஒரே மாதிரியான இரண்டு கணினிகள் இருந்தன. ஒன்றில் செய்திப் பக்கங்கள். மற்றதில் விளம்பரமும் மரண அறிவித்தல்களும். இரண்டாவதன் வன்வட்டு சில நாட்களாகக் கடகடவென்று சத்தமிட்டது. எந்த நேரமும் படுத்துவிடலாம் என்ற பயத்தில் 40 கிகாபைட் வன்வட்டு ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தோம். பூட்டியதும் கணினி பாதியில் நின்றுவிட்டது. அக்காலத்துப் பயோஸ் பலவற்றுக்கு 32 கிகாபைட்டுக்கு மேற்பட்ட வன்வட்டைக் கண்டால் கணக்குத் தவறிவிடும். பயோஸைப் புதுப்பித்தால் சரியாகும் என்றார் அந்தப் பெடியன். இரவு மின்பிறப்பாக்கி ஓடும் வேளையில் செய்யலாம் என்றும் சொன்னார்.

அவசரப்பட்டவன் நான்தான். இரவுப் பதிப்புக்குப் பொறுப்பாக இருந்தவன் என்ற முறையில், மாலை வேலை தொடங்குமுன் முடித்துவிடும்படி சொன்னேன். அந்நாட்களில் குடாநாட்டுக்கு மின்சாரம் இங்கேயே இயங்கிய டீசல் மின்பிறப்பாக்கிகளிலிருந்து வந்தது. எப்போது நிற்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. யூ.பி.எஸ். இருக்கிறதே என்று நினைத்தேன். அதன் பற்றறி பழசாகிவிட்டது என்பது மின்சாரம் நின்றபோதுதான் தெரிந்தது. திரையில் எழுதும் கோடு பாதி தூரம் ஓடியிருந்தது. மின்சாரம் போயிற்று. யூ.பி.எஸ். ஒரு தடவை கத்தியது. கணினி அணைந்தது.

அன்றைக்குப் பதினொரு மரண அறிவித்தல்கள் வந்திருந்தன. யாழ்ப்பாணத்தில் மரண அறிவித்தல் என்றால் என்னவென்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கைத்தொலைபேசி பரவாத காலம். கிரியை எத்தனை மணிக்கு, எந்த மயானத்தில் என்பதைக் காலைப் பத்திரிகையில் பார்த்துத்தான் சனம் புறப்படும். அறிவித்தல் வராவிட்டால் கூடப்பிறந்தவர்களே முகம் பார்க்காமல் போய்விடக்கூடும். பழைய வன்வட்டைக் கழற்றி மற்றக் கணினியில் பூட்டினால் பாமினி எழுத்துருவில் தட்டி வைத்திருந்ததெல்லாம் கிடைக்கும், அது உண்மை. ஆனால் ஒரு கணினியில் இரண்டு பேரின் வேலையைச் செய்து விடியுமுன் அச்சுக்கு அனுப்ப முடியாது. ஏதாவது ஒன்றைக் கைவிட வேண்டும்.

வேறொரு வழியும் இருந்தது. நல்ல கணினியை எழுப்பி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பயோஸ் சில்லைக் கழற்றிவிட்டு, கெட்ட சில்லை அந்த இடத்தில் குத்தி எழுதுவது. எழும்பிய கணினி பயோஸைத் தன் நினைவகத்தில் பிரதிசெய்து வைத்திருக்கும். ஆகவே சில்லு இல்லாமலும் கொஞ்ச நேரம் ஓடும். உலகெங்கும் திருத்துநர்கள் இந்த வித்தையைச் செய்தார்கள். ஆனால் உயிருள்ள பலகையில் கை தவறினால் இரண்டு கணினியும் போய்விடும். நான் அதைச் செய்யும்படி வற்புறுத்தினேன். அவர் மறுத்துவிட்டார். "ஐயா, இருக்கிற ஒண்டையும் சாகக் குடுக்கேலாது. இது சாகேல்லை, நினைவு தப்பிக் கிடக்குது. கொஞ்சம் பொறுங்கோ."

அவர் செய்த காரியம் இதுதான். புதுப்பிப்பைத் தொடங்குமுன் பழைய பயோஸைச் சேமிக்கவா என்று அந்தக் கருவி கேட்கும். பலரும் வேண்டாம் என்று சொல்லிக் கடந்துபோவார்கள். அவர் ஆம் என்று சொல்லி ஒரு புளொப்பியில் சேமித்து வைத்திருந்தார். மின்பிறப்பாக்கி ஓடத் தொடங்கியதும் நல்ல கணினியில் இன்னொரு புளொப்பியைத் தயாரித்தார். அதில் எழுதும் கருவி, பழைய பயோஸின் பிரதி, யாரும் விசையை அழுத்தாமலே தானாக ஓட வேண்டிய கட்டளை ஆகிய மூன்றும் இருந்தன. அதைக் கெட்ட கணினியில் போட்டு மின்சாரம் கொடுத்தார். திரை கறுப்பு. பச்சை விளக்கு எரிந்தது. கரகரவென்று சத்தம் வந்து நின்றுவிட்டது. புளொப்பி பழுது. இன்னொன்று எழுதினார். மீண்டும் பச்சை விளக்கு. இம்முறை சத்தம் நீண்டு கேட்டது. சத்தம் நின்ற பிறகும் நீண்ட நேரம் காத்திருந்தார். தொடவேண்டாம் என்று என்னையும் தடுத்தார். பிறகு அணைத்துப் போட்டார். ஒற்றைப் பீப் ஒலி. திரையில் எழுத்து விழுந்தது.

பதினொரு அறிவித்தல்களும் மறுநாள் வந்தன. பத்திரிகை ஒரு மணி நேரம் பிந்தியது.

இரண்டு காரணங்களால் நாங்கள் தப்பினோம்: அழிக்கப்படாத ஒரு மூலை இருந்தது, பழையதின் பிரதி ஒன்று கையில் இருந்தது. இவை இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை உலகம் அதற்கு நான்கு ஆண்டுகளின் முன்பே கண்டிருந்தது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் 1998 இல் எழுதிய சி.ஐ.எச். என்னும் வைரஸ் 1999 ஏப்ரல் 26 இல் வெடித்தது. செர்னோபில் அணுவுலை விபத்து நிகழ்ந்த நாளும் ஏப்ரல் 26 என்பதால் அதன் பெயரே வைரஸுக்கும் ஒட்டிக்கொண்டது. வன்வட்டின் தொடக்கத்தை அழித்ததோடு, எழுதப் பூட்டுப் போடாத பயோஸ் சில்லுகளிலும் அது குப்பையை எழுதியது. தென் கொரியாவும் துருக்கியும் மோசமாக அடிபட்ட நாடுகளுள் அடங்கும். பயோஸ் சிதைந்த கணினிகளுக்குச் சில்லைக் கழற்றி எழுதுவதோ மாற்றுவதோ தவிர வழியிருக்கவில்லை. தானே தன்னை எழுதும் வசதியை எந்தக் காவலுமின்றித் திறந்து விட்டதற்கான விலை அது. அந்த ஆண்டுகளில் கிகாபைட் நிறுவனம் இரண்டு பயோஸ் சில்லுகளைக் கொண்ட பலகைகளை விற்கத் தொடங்கியது. ஒன்று கெட்டால் மற்றது எழுப்பும்.

எங்களுக்கோ வேறொரு பாடமும் இருந்தது. 2006 ஓகஸ்ட் மாதம் முகமாலையில் பாதை அடைபட்டது. அதன் பின்னர் குடாநாட்டுக்குப் பொருட்கள் கப்பலில்தான் வந்தன. அரிசியும் சீனியும் ஏறும் கப்பலில் தாய்ப்பலகைக்கு யார் இடம் கொடுப்பார்? அக்காலத்தில் யாழ்ப்பாணத்துத் திருத்தகங்கள் பழுதான பலகைகளை எறியவில்லை. ஒன்றின் சில்லு இன்னொன்றுக்கு உயிர் கொடுத்தது. 1990 இன் பின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டவர்களுக்கும், கொப்பித் தாளில் பத்திரிகை அச்சடித்தவர்களுக்கும் இது புதிய பழக்கமல்ல.

இன்றைய அலுவலகக் கணினியில் பழைய பயோஸ் இல்லை. இன்ரெல் தொடங்கி வைத்து, 2005 இல் பல நிறுவனங்கள் கூடி அமைத்த மன்றத்தின் கைக்கு வந்த யு.இ.எஃப்.ஐ. என்னும் முறை அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2011 இல் பயோஸைப் பாதுகாப்பது பற்றி வழிகாட்டி வெளியிட்டது. 2018 இல் வந்த இன்னொரு வழிகாட்டி பாதுகாத்தல், கண்டறிதல், மீட்டல் என மூன்றையும் சேர்த்துச் சொன்னது. பாதுகாத்தால் மட்டும் போதாது, விழுந்தால் எழும்பவும் வழி வேண்டும் என்பது அதன் சாரம். எச்பி நிறுவனம் 2013 முதல் தனது வணிகக் கணினிகள் சிலவற்றில், சிதைந்த நிலைபொருளைத் தனியே வைத்த பிரதியிலிருந்து தானே மீட்கும் ஏற்பாட்டைச் சேர்த்தது. டெல் கணினிகள் பலவற்றில் கன்ட்ரோல், எஸ்கேப் விசைகளை அழுத்தியபடி மின் இணைப்பைக் கொடுத்தால் மீட்புத் திரை வரும். எச்பியில் விண்டோஸ் விசையும் பி விசையும். கணினிக்குக் கணினி முறை மாறும். வாங்கும்போதே உங்கள் கணினிக்குரியதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் புதிய ஆபத்துகளும் உண்டு. அன்று புதுப்பிப்பை நாங்கள் தேடிப்போய்ச் செய்தோம். இன்று அது விண்டோஸ் வழியாகத் தானே வந்து இறங்குகிறது. உரிமையாளருக்குத் தெரிவது ஒரு வரி அறிவித்தல் மட்டுமே. அன்று சில்லு குழியில் குத்தியிருந்தது. இன்று பற்றுவைத்து ஒட்டியிருக்கிறது, கழற்றுவது எளிதல்ல. அதற்காகத் திருத்துநர்கள் எட்டுக் கால் சில்லை ஒட்டியபடியே கௌவிப் பிடிக்கும் கவ்வியையும், சிறியதொரு எழுதும் கருவியையும் வைத்திருக்கிறார்கள். 1.8 வோல்ற்றுச் சில்லுக்கு 3.3 வோல்ற்றைக் கொடுத்தால் சில்லு கருகும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். மேலும் பிற்லொக்கர் என்னும் பூட்டுப் போட்ட வன்வட்டு, நிலைபொருள் மாறியதும் மீட்புத் திறவுகோலைக் கேட்கக்கூடும். 48 இலக்கம் கொண்டது அது. கணினி எழும்பியும் அந்த இலக்கம் இல்லையென்றால் கணக்கு வெளியே வராது.

காங்கேசன்துறையில் அன்று நடந்ததும் அதுவே. நரைத்த தலை நண்பர் அதே மாதிரிக் கணினிக்கான நிலைபொருளைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்து ஒரு யூ.எஸ்.பி. குச்சியில் எழுதினார். மின் இணைப்பைக் கொடுத்து, இரண்டு விசைகளை அழுத்திப் பிடித்தார். குச்சியின் சிறு விளக்கு மின்னத் தொடங்கியது. அந்த விளக்கைக் கண்டதும் என்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டேன். இருபது நிமிடத்தில் திரை வந்தது. வந்ததும் 48 இலக்கத்தைக் கேட்டது. உறவினர் விழித்தார். அழுதுகொண்டு நின்ற அந்தப் பிள்ளை போய், ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பிக் காட்டினாள். கணினி வாங்கிய நாளில் அவள்தான் அதைப் பார்த்து எழுதி வைத்திருந்தாள். மூடியை மூடியதற்காக ஏச்சு வாங்கியவளும் அவள்தான்.

தேநீர் குடிக்கும்போது நண்பர் சொந்த ஊர்க் கதை சொன்னார். அவருடைய குடும்பம் காங்கேசன்துறைதான். 1990 இல் உடுத்த துணியோடு வெளிக்கிட்டவர்கள். ஏழெட்டு இடம் மாறினார்கள். வலிகாமம் வடக்கில் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது அவர்களுடைய காணியும் வந்தது. வீடு இல்லை, மதில் இல்லை, எல்லை தெரியாத பற்றை. தாயார் பால்மா ரின் ஒன்றில் பொலித்தீன் சுற்றி வைத்திருந்த காணி உறுதியை அன்றைக்குத்தான் வெளியே எடுத்தாராம். அதை வைத்தே எல்லை பிடித்தார்கள்.

அலுவலகம் நடத்துபவர்களுக்கு நான் சொல்வது சிறிய விடயந்தான். நிலைபொருளைப் புதுப்பிக்காமல் விடுவதும் ஆபத்து. பாதுகாப்புக் குறைகள் அப்படியே கிடக்கும். ஆகவே புதுப்பியுங்கள். ஆனால் வேலை நெருக்கும் நேரத்தில் வேண்டாம். பற்றறி நிறைந்து, மின் இணைப்பும் இருக்கும்போது செய்யுங்கள். பிற்லொக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள்; 48 இலக்கத்தைக் கடதாசியில் எழுதி வையுங்கள். பல கணினிகள் இருந்தால் முதலில் ஒன்றில் செய்து சில நாள் பாருங்கள். கணக்கின் பிரதி வேறிடத்தில் இருக்கட்டும். திரை கறுத்தால் உடனே பதறி அணைத்து அணைத்துப் போடாதீர்கள். சில கணினிகள் தம்மைத் தாமே மீட்கப் பல நிமிடங்கள் எடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவில் நின்றுபோனால் எப்படித் திரும்புவது என்பதைத் தொடங்குமுன்னரே தெரிந்து வைத்திருங்கள்.

2003 இல் பொறுமையிழந்து நின்றவன் நான்; பொறுத்திருக்கச் சொன்னவர் அவர். அதற்கு நான் அன்று நன்றி சொல்லவில்லை. பத்திரிகை போகும் அவசரத்தில் மறந்துவிட்டேன். இம்முறை சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அந்தப் பிள்ளையிடம் அந்தப் பின்னட்டையைக் கிழித்துப் பத்திரமாக ஓரிடத்தில் வைக்கச் சொன்னார்.